உபரி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு

என் அலமாரிக் கதவில் ஒரு பதக்கம் தொங்குகிறது. 67 வயதில், வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய பதக்கம். பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட நான் ஜெயித்தவன் இல்லை. பேரன் வந்தால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறான். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு உறுத்துகிறது.

35 வருடம் வங்கியில் டெபிட், கிரெடிட் என்று குப்பை கொட்டியவன் நான். சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது என்பது எங்கள் காலத்து வழக்கம். பத்துப் பைசா உதைத்தாலும் ராத்திரி எட்டு மணி வரை தேடுவோம். இந்தப் பதக்கத்தின் கணக்கு இன்னமும் நேராகவில்லை. அதனால் இன்று எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் கடைசியில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்காக ஓட்டம். அடுத்த பிப்ரவரியில், 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர். மொட்டை அடித்த தலையோடு சிரிக்கும் ஒரு குழந்தையின் படம். எந்த மருத்துவமனை, யார் நடத்தினார்கள் என்று பெயர் சொல்லப்போவதில்லை. தனி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இது ஊர் முழுக்க நடக்கிற விஷயம்.

அந்த மருத்துவமனைக்கும் எனக்கும் ஒரு பழைய கடன் உண்டு. 1988ல் என் அக்காவை அங்கேதான் சேர்த்தோம். நான் அப்போது கும்பகோணம் கிளையில் குமாஸ்தா. அத்தான் நெசவு. மூன்றாவது வாரத்தில் பில் வந்தபோது என்னிடம் இருந்தது பாதிப் பணம்கூட இல்லை. அங்கே இருந்த ஒரு அம்மா எங்கள் குடும்ப நிலவரத்தைக் கேட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதி, கவுண்டரில் கொடுக்கச் சொன்னார். மருந்துச் செலவு முழுக்கத் தர்ம நிதியில் எழுதிவிட்டார்கள். அக்கா அதற்குப் பிறகு 14 வருடம் இருந்தாள். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அந்த நிதிக்குப் பணம் கொடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ கொடுத்த நூறு ரூபாய் அந்தக் கவுண்டர் வரைக்கும் நூறு ரூபாயாகவே வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். வீட்டில் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓடுங்க, ஆனா பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா நடந்துடுங்க" என்றார். அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் கிளம்பினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. முதல் நாள் ஆறாவது முறையே முழங்கால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து, தெருவில் தண்ணீர் நின்று, ஒரு வாரம் போயிற்று. மறுபடி தொடங்கும்போது இரண்டு படி கீழே இறங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. ஜனவரிப் பொங்கலுக்குள் 6 கிலோமீட்டர் நிற்காமல் வந்தது. சென்னை ஈரக்காற்றில் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

இதற்கு நடுவே பணமும் கேட்டேன். இங்கேதான் என் மைத்துனன் ஒரு கேள்வி போட்டான்: "அத்தான், நீங்க ஓடுறதுக்கு நான் ஏன் பணம் தரணும்? ஆஸ்பத்திரிக்குத் தரணும்னா நேரா தந்துட்டுப் போறேன். நீங்க ஏன் முட்டியைத் தேய்க்கறீங்க?"

நியாயமான கேள்விதான். ரொம்ப நாள் யோசித்தேன். வங்கிக்காரனுக்கு வங்கி பாஷையில்தான் பதில் வருகிறது. கடன் கேட்டு வருகிறவன் ஏதாவது ஜாமீன் வைக்க வேண்டும். சும்மா வந்து கை நீட்டினால் மேனேஜர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஊராரிடம் நன்கொடை கேட்பதும் அப்படித்தான். 14 வாரம் விடியற்காலையில் எழுந்து மூச்சு வாங்க ஓடுவதுதான் நான் வைத்த ஜாமீன். "இந்தக் கிழவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை" என்று அது சொல்லும். இன்னொன்று: நேரே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்ன என் மைத்துனன், அதற்கு முன் 20 வருடத்தில் ஒரு முறையும் நேரே கொடுத்ததில்லை. நான் வாராவாரம் "இன்னிக்கு 4 கிலோமீட்டர்", "இன்னிக்கு 5" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்ததில், ஐந்தாவது வாரம் அவனே 2,000 ரூபாய் அனுப்பினான். கேட்பவன் விடாமல் கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பயிற்சி அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. ஓடி என்ன ஆகப்போகிறது என்று கிண்டல் செய்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் இன்றைய சண்டை அவர்களோடு இல்லை.

கடற்கரையில் நான் திரும்புகிற இடத்தில் ஒரு இளநீர்க் கடைக்காரர். ஜனவரியில் ஒரு நாள், "தினமும் எதுக்கு சார் இப்படி ஓடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மருத்துவமனையின் பெயரைக் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்தார். அவர் அம்மாவையும் அங்கேதான் வைத்திருந்தார்களாம். அன்று நான் கொடுத்த 50 ரூபாயை வாங்காமல் என் கையிலேயே திணித்து, "இதையும் சேர்த்துக்குங்க" என்றார். பிறகு ஒன்று கேட்டார்: "முழுசா அங்க போயிடும்ல சார்?"

"போயிடும்" என்று சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை குறுக்கே வந்துகொண்டே இருந்தது. போய்விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானமே பதிவுக் கட்டண ரசீதைத் தேடி எடுத்தேன். கட்டணம் 1,200 ரூபாய். அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 216 ரூபாய். ஆக மொத்தம் 1,416. பணம் கட்டிய அன்று இதை நான் கவனிக்கவே இல்லை. 35 வருடம் வங்கியில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நன்கொடைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஒரு பொருளோ சேவையோ கைமாறினால்தான் அந்த வரி. எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பது நன்கொடை. பனியன், பதக்கம், நேரம் கணக்கிடும் சிப், ஓடி முடித்ததும் பொங்கல் வடை என்று வாங்கிக்கொண்டு கொடுப்பது விலை. நான் 1,416 ரூபாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை விலைக்கு வாங்கியிருக்கிறேன். போஸ்டரில் குழந்தையின் படம். ரசீதில் விற்பனை வரி. இரண்டில் ரசீதுதான் உண்மை பேசியது.

அமைப்பாளர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான், ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"தம்பி, நான் கட்டின 1,200ல ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகும்?"

"அங்கிள், சர்ப்ளஸ் முழுக்க ஹாஸ்பிட்டலுக்குத்தான்."

"சர்ப்ளஸ்னா எவ்வளவுப்பா?"

"அது ஈவென்ட் முடிஞ்சாதான் அங்கிள் தெரியும்."

உபரி! எவ்வளவு அழகான வார்த்தை. பனியன் தைத்தவருக்குப் பணம், பதக்கம் வார்த்தவருக்குப் பணம், மேடை போட்டவர், ஒலிபெருக்கிக்காரர், டிரோன் பறக்கவிட்டவர், விளம்பரம் செய்தவர், நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்கும் கம்பெனி எல்லோருக்கும் பணம். எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு பாத்திரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஆஸ்பத்திரிக்கு. கம்பெனி திவாலானால் வரிசையில் கடைசியாக நிற்பவர் பங்குதாரர். அவர் லாபத்துக்காக ரிஸ்க் எடுத்தவர், நிற்கட்டும். யாருடைய படத்தைப் போட்டுப் பணம் வசூலித்தார்களோ அந்தக் குழந்தை ஏன் கடைசியில் நிற்க வேண்டும்?

நான் 43 பேரிடம் தனியாக வசூலித்திருந்த பணத்தையும் தங்கள் லிங்க் வழியாகவே கட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டம் நடந்தது. குறை சொல்லக் கூடாது, ஏற்பாடு பிரமாதம். விடியற்காலையில் தண்ணீர் டம்ளரோடு நின்று "கமான் தாத்தா" என்று கத்திய கல்லூரிப் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். அவர்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். 1 மணி 34 நிமிடத்தில் முடித்தேன். மேடையில் கதவு அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அதில் எழுதியிருந்த தொகை ஒரு கம்பெனி கொடுத்த நன்கொடை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓடியவர்கள் கட்டிய பணத்திலிருந்து எவ்வளவு போனது? மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு அடுத்த வருட ஓட்டத்துக்கான சலுகைக் கட்டண அழைப்பு வந்தது.

"சார், செலவில்லாமல் நிகழ்ச்சி நடத்த முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் செலவை யார் தலையில் கட்டுவது, யார் பெயரைச் சொல்லி வசூலிப்பது என்பதில் ஒரு நாணயம் வேண்டும். மருத்துவத்துக்காக ஓடிப் பணம் திரட்டுவதற்கு உலகத்துக்கே வழிகாட்டியவர் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞர். 1977ல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு ஒரு வருடத்துக்கும் மேல் பயிற்சி எடுத்தார். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, ஏறக்குறைய தினமும் ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூனில், 23 வயது நிரம்பும் முன்னே இறந்துபோனார்.

அவருக்கும் செலவு இருந்தது. வண்டி, பெட்ரோல், ஷூ எல்லாம் கம்பெனிகளிடம் கேட்டுத்தான் வாங்கினார். ஆனால் "எங்கள் பொருளைப் பாராட்டிப் பேசு" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது, ஒவ்வொரு கனடியரும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள் தொகையும் ஏறக்குறைய அதேதான். அவர் பெயரில் இன்றும் நடக்கும் ஓட்டத்துக்கு, அதன் மூல விதிப்படி, நுழைவுக் கட்டணம் இல்லை, இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, யார் முதல் என்ற போட்டியும் இல்லை. ஒற்றைக் காலோடு ஓடியவர் போட்டுக்கொடுத்த பாதையில்தான் நாம் டிரோன் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது இருந்தவை 12 படுக்கைகள். பதக்கம் இல்லை, பனியன் இல்லை. கொடுத்தவர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. பல தலைமுறையாகச் சேர்த்துவைத்த அந்த நம்பிக்கையில்தான் இந்த ஓட்டக்காரர்கள் இன்று கை வைக்கிறார்கள். ஒரு முறை ஏமாந்தவன் அடுத்த முறை உண்மையான உண்டியலுக்கும் கையை மடக்கிக்கொள்வான். என் கோபத்துக்குக் காரணம் இதுதான், 1,200 ரூபாய் இல்லை.

அடுத்தது "விழிப்புணர்வு". பணக் கணக்கு கேட்டால் உடனே இந்த வார்த்தை வரும். சரி, எனக்குக் கொடுத்த பையில் என்ன இருந்தது தெரியுமா? பிஸ்கட் பாக்கெட், ஜிம் தள்ளுபடிக் கூப்பன், ஒரு அடுக்குமாடிக் கட்டுமான விளம்பரம். குழந்தைக்கு எந்த அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டு இல்லை. மருத்துவமனையின் போன் நம்பர்கூட இல்லை.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குப் பயம். புரிகிறது. ஆனால் உங்கள் பெயர்தான் அங்கே விற்பனைச் சரக்கு. அதைக் கொடுப்பதற்கு முன், "ஒரு ஆளுக்கு இத்தனை ரூபாய் எங்களுக்கு" என்று எழுதி வாங்கக் கூடாதா? கல்யாண மண்டபம்கூட முன்பணம் வாங்காமல் சாவி தருவதில்லை.

நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, கட்டணம் வேறு, நன்கொடை வேறு என்று பதிவுப் படிவத்திலேயே இரண்டு வரியாகப் போடுங்கள். நன்கொடை நேரே மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும், வரிச் சலுகைக்கான ரசீது அவர்களே தரட்டும். இரண்டு, கட்டணத்தில் ஒரு ஆளுக்கு எத்தனை ரூபாய் மருத்துவமனைக்கு என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். நூறு என்றால் நூறு. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று போட்டுவிட்டு, குழந்தையின் படத்தை எடுத்துவிடுங்கள். அப்போதும் ஓடுவதற்கு ஆள் வரும். மூன்று, 60 நாளுக்குள் வரவு செலவும், மருத்துவமனை கொடுத்த ரசீதின் படமும் வெளியிடுங்கள். எங்கள் தெருப் பிள்ளையார் சதுர்த்திக் கமிட்டி வருடாவருடம் கோயில் சுவரில் கணக்கு ஒட்டுகிறது. அதன் பொருளாளர் பிளஸ் டூ படிக்கும் பையன்.

ஓட்டம் முடிந்த மறுநாள், நோட்டில் ஒவ்வொரு வரியும் சரிபார்த்து, 61,450 ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதி, மருத்துவமனைக் கவுண்டரில் நானே போய்க் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. ரசீதைப் படம் எடுத்து 43 பேருக்கும் அனுப்பினேன். இளநீர்க் கடைக்காரருக்கு மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணை இடுக்கிக்கொண்டு தொகையைப் பார்த்தார். "இதுல என்னோட அம்பது இருக்கா சார்?" என்று கேட்டார். நோட்டைத் திறந்து 31ஆவது வரியைக் காட்டினேன். ரசீதை மடித்துப் பணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த வருடமும் ஓடப்போகிறேன். யாருக்கும் கட்டணம் கட்டப்போவதில்லை. பழைய பனியன், அதே ஷூ, வீட்டு வாசலில் தொடங்கி அதே 10 கிலோமீட்டர். கூட வருகிறவர்கள் வரலாம், தண்ணீரை அவரவர் கொண்டுவர வேண்டும். ஓட வராதவர்களும் நோட்டில் பெயர் எழுதலாம். கணக்கை வாசலில் ஒட்டுவேன்.